கோமு அழுத்திய மணி

எங்கேயாவது கம்பி அறுந்திருக்க வேண்டுமே என்று ஸ்வாமிநாதன் வேண்டாத தெய்வம் இல்லை. தந்தி ஆபீஸில் வேலை பார்க்கிறவன் அப்படி வேண்டிக்கொள்வது யாருக்காவது தெரிந்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கம்பி அறுந்திருந்தால் வீட்டில் யார் மேலும் குற்றமில்லை என்று ஆகிவிடும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

பிள்ளையைத் தாமிரபரணிக் கரையில் புதைத்துவிட்டு வந்து தலை ஈரம்கூட இன்னும் காயவில்லை. பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கோமு அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நேத்து நான் மணியை அழுத்திண்டே இருந்தேன். அடுக்களையில அது அடிச்சுதா, அடிக்கலையா? பார்த்துச் சொல்லுங்கோ. காதுல விழுந்தும் யாரும் வரலைன்னா, இந்தாத்துல ஒரு வாய் ஜலம்கூடக் குடிக்க மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான், அவள் பிடிவாதம் அப்படி. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பெற்ற உடம்பு, எத்தனை பொழுது தாங்கும்?

தாயில்லாப் பெண், அதனால் பிரசவம் புக்ககத்திலேயே ஆயிற்று. அதுவும் லேசில் ஆகவில்லை. கால் இரண்டும் வீங்கி, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தாள். புண்யாகவாசனம் ஆகி மற்றவர்களுக்குத் தீட்டுக் கழிந்த பிறகும், பெற்றவள் நாற்பது நாள் கழியாமல் பின்கட்டைத் தாண்டக் கூடாது என்று மாமியார் வாலாம்பாள் சொல்லிவிட்டாள். சரி, கூப்பிட ஒரு வழியாவது இருக்கட்டும் என்றுதான் ஸ்வாமிநாதன் அந்த மணியைப் பூட்டினான். ஆபீஸில் கழித்துப் போட்ட கண்ணாடி ஜாடிகளில் நவச்சாரத்தைக் கரைத்து, துத்தநாகக் குச்சியையும் கரித்துண்டையும் இறக்கிப் பாட்டரி பண்ணி, நூல் சுற்றிய செம்புக் கம்பியைச் சுவரோடு சுவராக அடுக்களை வரைக்கும் இழுத்தான். கோமுவின் கையில் ஒரு பொத்தான். ஊரில் மின்சார விளக்கு என்ற பேச்சே இல்லாத நாளில், தெருவே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. இவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கே அழுத்தினால் இங்கே வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கம்பி வழியாக வந்தே தீரும் என்று வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கம் சொன்னான்.

நேற்று அவன் அப்பாவின் தெவசம். கூடத்தில் வைதிகர்கள் மந்திரம் சொல்ல, இவன் தர்ப்பையும் எள்ளுமாக உட்கார்ந்திருந்தான். பின்கட்டில் குழந்தைக்கு ஜன்னி கண்டது. கோமு கத்தினாள், அந்த ஈனக்குரல் இரண்டு முற்றம் தாண்டி எங்கே கேட்கப் போகிறது? பொத்தானை அழுத்தினாள். ஒருவரும் வரவில்லை. வைதிகர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சாதம் கொண்டுபோன வாலாம்பாள்தான், நீலம் பாரித்துக் கிடந்த பேரனைப் பார்த்து அலறினாள்.

மணி அடிக்கவே இல்லை என்று அவள் சத்தியம் செய்தாள். சத்தியத்தை யாரும் பண்ணலாம். கோமுவுக்குக் காரணம் வேண்டியிருந்தது.

முதலில் ஜாடிகளைப் பார்த்தான். தண்ணீர் வற்றவில்லை, குச்சியும் கரையவில்லை. கம்பியைக் கழற்றி இரண்டு முனையையும் நாக்கில் வைத்தான், சுருக்கென்று புளித்தது. ஐயோ, இது நன்றாகத்தானே இருக்கிறது! மறுபடி மாட்டிவிட்டு, கம்பியை விரலால் தடவிக்கொண்டே நடந்தான். எலி கடித்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம். முதல் முற்றம், இரண்டாம் முற்றம், கொடியடி, கதவிடுக்கு என்று எங்கேயும் ஒரு கீறல் இல்லை. மிச்சம் இருந்தது அடுக்களை ஒன்றுதான்.

நிலைப்படிக்கு மேலே மணி தொங்கியது. அதன் திருகில் கம்பி இல்லை. கழற்றி, முனையைச் சுருட்டி, ஆணியில் ஒழுங்காக மாட்டியிருந்தது. எலிக்கு அந்த ஒழுங்கு வருமா?

திரும்பிப் பார்த்தான். அணைந்த அடுப்பின் முன்னால் வாலாம்பாள் குந்தியிருந்தாள். அவளாகவே சொன்னாள்.

"அங்கேர்ந்து இங்க வந்துடும்னு நீதானேடா சொன்னே? தீட்டு மட்டும் வராதா? உங்கப்பாவுக்குப் பண்ற சமையலாச்சேன்னு கழட்டி வச்சேன். ஆனதும் மாட்டணும்னுதான் இருந்தேன்."

அவளை எப்படித் திட்டுவான்? பாவி, அவன் வாயால் சொன்னதுதானே அது! கம்பி முனையை எடுத்து நாக்கின் ஒரு பக்கத்தில் வைத்து, மறு பக்கத்தை மணியின் திருகில் ஒட்டிப் பார்த்தான். புளித்தது. பொத்தானை யாராவது அழுத்தாமல் அது புளிக்காது.

கம்பியைத் திருகில் மாட்டினான். மாட்டிய மாத்திரத்தில் மணி அலறத் தொடங்கியது. நிற்கவில்லை. வாலாம்பாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்வாமிநாதன் பின்கட்டுக்கு ஓடினான். கோமு அப்படியேதான் படுத்திருந்தாள், கட்டைவிரல் பொத்தானில் வெளுத்துப் போயிருந்தது. பொய் சொல்லத்தான் வந்தான். அந்த விரலைப் பார்த்ததும் முடியவில்லை. அம்மா கழற்றி வைத்ததையும், ஏன் கழற்றினாள் என்பதையும், அப்படி நினைக்க வைத்தது யார் என்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதான்.

அவள் கேட்டுக்கொண்டாள்.

"இப்போ அடிக்கறதா?"

"அடிக்கறது."

"அப்போ உங்கம்மா வரட்டும். வந்தாத்தான் ஜலம்" என்று அவள் கதவுப் பக்கம் திரும்பிப் படுத்தாள். விரலை எடுக்கவில்லை.

அவனும் சுவரோரம் உட்கார்ந்து கதவையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். வாலாம்பாள் வரவில்லை.