மூன்று துண்டுத் தூக்கம்

வள்ளமும் சங்கு வியாபாரமும் வைத்திருந்த சம்மாட்டி வாவு முகம்மது கொழும்பிலிருந்து திரும்பியபோது மனைவிக்கு ஒரு தையல் மிஷினும், சங்கு சேர்த்து வைக்கிற தன் கிட்டங்கிக்கு ஒரு பித்தளை மணியும் கொண்டுவந்தார். தையல் மிஷின் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. மணிதான் கீழக்கரையில் பதினாறு பேருடைய தூக்கத்தை வெட்டிக் கூறுபோட்டது.

ஏதோ உடைத்துப் போட்ட வெள்ளைக்காரக் கப்பலின் மணி அது. அந்தக் கப்பலில் வேலை பார்த்த ஒருவனோடு சம்மாட்டி கொழும்புத் துறைமுகத்தில் தேநீர் குடித்திருக்கிறார். கப்பலில் எவனும் ஒரே மூச்சாகத் தூங்குவதில்லை, நாலு மணி நேரம் வேலை, நாலு மணி நேரம் படுக்கை என்று மாறி மாறியேதான் உலகத்தைச் சுற்றி வருகிறார்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான். சம்மாட்டிக்கு அதைக் கேட்டதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஊருக்கு வந்த மறுநாளே கிட்டங்கிச் சுவரில் சாக்குக்கட்டியால் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டுவிட்டார். பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை ஒரு தூக்கம். இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒரு தூக்கம். இரண்டிலிருந்து நாலு வரை ஒரு தூக்கம். நடுவில் எழுந்து கிட்டங்கிக்கு வந்து சங்கு கழுவ வேண்டும், தரம் பிரிக்க வேண்டும், சாக்கில் கட்ட வேண்டும். கல்கத்தாவுக்குப் போகிற சரக்கு அவசரமாம். நாலு மணிக்கு மேல் சுபுஹு தொழுதுவிட்டு, வழக்கம்போல வள்ளமேறிக் கடலுக்குப் போய்ச் சங்கு குளிக்க வேண்டும்.

சம்மாட்டி அதை விளக்கிய அழகை, அவர் ஆள்களில் ஒருவனான ஹமீது சுல்தான் தன் வீட்டுக்கு வந்து மனைவி சுலைகாவிடம் அதே குரலில் சொல்லிக் காட்டினான்.

"ஆறு மணி நேரம் தூங்குறவனுக்கு ஆறு மணி நேரம் கொடுத்தாச்சு. துணி ஒரே துண்டா இருந்தா என்ன, மூணு துண்டா இருந்தா என்ன? நீளம் ஒண்ணுதானேப்பா!"

"அப்படின்னா அவரு கைலியை மூணாக் கிழிச்சுக் கட்டிக்கிட்டு ஜும்மாவுக்குப் போகச் சொல்லுங்க. நீளம் ஒண்ணுதானே" என்றாள் சுலைகா.

ஹமீது சுல்தான் விழுந்து விழுந்து சிரித்தான். முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த அவள் தம்பி மதாரும் சிரித்தான். முதல் நாள் அல்லவா, எல்லாருக்கும் சிரிக்கத் தெம்பு இருந்தது.

சுலைகாவுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. காரணம், அவள் வீட்டுச் சுவரில் தொங்கிய கயிறு.

ஹமீது சுல்தான் குளியாளி. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்துக்கு இறங்கி, தரையைத் தடவிச் சங்கெடுத்து வருகிறவன். அவன் இடுப்பிலிருந்து மேலே போகிற கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் இருக்கிற கயிறுகாரன் கையில் இருக்கும். மூச்சு முட்டும்போது கீழே இருக்கிறவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். அந்தக் கணமே மேலே இருக்கிறவன் இழுத்துத் தூக்கிவிட வேண்டும். அதனால் கயிறு பிடிக்க யாரையும் வைத்துவிட மாட்டார்கள். எட்டுக் குளியாளி போகிற அந்த வள்ளத்தில் ஒவ்வொருவனுக்கும் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். அக்காள் கழுத்துக் கருகமணி தன் உள்ளங்கையில் இருக்கிறது என்ற பயம் வேறு எவனுக்கு வரும்? கயிறும் கரையில் கிடக்காது. மாலையில் வீட்டுக்கு வந்துவிடும். மனைவி அதை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டு, நைந்திருக்கிறதா என்று முறுக்கு முறுக்காகத் தடவிப் பார்த்து, விடிகாலையில் தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பாள். சுலைகா கையிலிருந்து வாங்காத கயிற்றை மதார் தொட்டதே இல்லை.

மணி அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் சுலைகாவின் குழந்தையும் விழித்துக்கொண்டு அழுதது. நாலாம் நாள் ஹமீது சுல்தான் சும்மா கிடந்த செம்பை எட்டி உதைத்தான். ஏழாம் நாள் மதார் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் வரை போய்வந்தான். பழகிவிடும், பழகிவிடும் என்று சம்மாட்டி சொல்லிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள், கடலிலிருந்து வந்த இருவருக்கும் சுலைகா சோறு வைத்தாள். மதார் மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தான். கவளம் வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. கண் திறந்திருந்தது. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தான். ஆணம் வழிந்து முழங்கையில் சொட்டியது.

"ஏலே மதாரு."

அவன் அசையவில்லை. அவள் தோளைத் தொட்டதும் கவளம் வாய்க்குள் போயிற்று. "ஆணம் நல்லா இருக்கு லாத்தா" என்றான், ஒன்றுமே நடக்காதது போல.

அந்தப் பார்வை சுலைகாவுக்குத் தெரியும். போன வருஷம் குழந்தை பிறந்த நாலாம் மாதம், அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து பால் கொடுத்துக் கொடுத்து, பகலா இரவா என்றே தெரியாமல் நடமாடிய நாள்களில் ஒருநாள் கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. கிணற்றுச் சுவரில் போன எறும்பைக்கூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் தூங்கிவிட்டது. உள்ளங்கையை உரசிக்கொண்டு கயிறு ஓடியதே தெரியாது. கீழே வாளி தண்ணீரில் மோதிய சத்தம் கேட்டபிறகுதான் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள்.

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் தோளில் கிடந்த துண்டின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை.

"இது என்ன ரத்தம்?"

"மூக்கு உடைஞ்சிருச்சு. வெயிலு."

"வெயிலா, கயிறா?"

அவன் துண்டை உருவி மடியில் சுருட்டிக்கொண்டான். பிறகு ஹமீது சுல்தான் எரிச்சலோடு சொன்னான். "ரெண்டு தடவை சுண்டுனேன். மூணாவதுக்குத் தூக்கிட்டான்ல? என்னமோ வீட்டுல மையத்து விழுந்த மாதிரி முழிக்கிறியே!"

மதார் சாப்பாட்டுக் கையைத் தட்டிலேயே உதறினான். "நான் முழிச்சுத்தான் இருந்தேன் லாத்தா. கயித்தையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அல்லாஹ் அறிய."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது.

அசர் தொழுகை முடிந்ததும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெண்கள் போகிற சந்து வழியாகச் சம்மாட்டி வீட்டுக்குப் போனாள். சம்மாட்டியின் மனைவி சித்தி ஜுனைதா அவளை உள்ளே அழைத்துத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். திரைக்கு அந்தப் பக்கம் சம்மாட்டி சாய்வு நாற்காலியில் இருந்தார்.

சுலைகா நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்கிறவர்கள் சொல்லப்போகும் பதிலை முன்பே முடிவு செய்து வைத்திருப்பார்கள்.

"ரெண்டு சுண்டு பிந்திப்போச்சு, அவ்வளவுதானே? பழக்கம் வர ஒரு மாசமாகும். கப்பல்காரன் எல்லாம் அப்படித்தாம்மா தூங்குறான்."

"கப்பல்காரன் தண்ணிக்கு மேல இருக்கான் சம்மாட்டி. எம் புருசன் அடியில இருக்காரு."

"கூத்தையாவையே கேளேன். பதினாலு வருசமாக் கிட்டங்கிக் காவலு. எல்லாமே கோழித் தூக்கம்தான். கல்லு மாதிரி இருக்கான்." அவர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கூத்தையா! இங்கன வா. உனக்கு உடம்புக்கு ஏதாச்சும் குறை உண்டா?"

திருப்புல்லாணிப் பக்கத்திலிருந்து வந்த கூத்தையா வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"ஒரு குறையும் இல்ல முதலாளி. போன மாசம் மூத்த மக வந்து நின்னுச்சு. பேரு வாயில வரலை. யாரு தாயி, யாரைப் பாக்க வந்தேன்னு கேட்டுப்புட்டேன். அழுதுக்கிட்டே போயிருச்சு. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்."

"அது வயசு."

"நாப்பத்தி ரெண்டு முதலாளி."

சித்தி ஜுனைதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்மாட்டிக்குக் கோபம் வந்தது.

"ஏம்மா, பொம்பளைங்க நீங்க பிள்ளை பெத்தா வருசக்கணக்கா இப்படித்தானே தூங்குறிய? செத்தா போயிட்டிய?"

சுலைகா எழுந்து நின்றுவிட்டாள். இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாத கிணற்றுக் கதை அப்போது வெளியே வந்தது. சொல்லச் சொல்ல, அவளுக்கு வெட்கம் போய் ஆத்திரம்தான் மிஞ்சியது.

"அந்த வாளி இன்னும் கிணத்துக்குள்ளதான் கிடக்கு சம்மாட்டி. போனாப் போவுதுன்னு விட்டுட்டேன். அந்தக் கயித்து நுனியில இருந்தது வாளி! நாங்க அப்படித் தூங்குறோம்னா அது எங்களுக்கு ஒத்துக்கிட்டதுன்னு யாரு சொன்னது? எங்களை எவன் கேட்டான்? வேற வழி இல்லாம கிடந்தோம். அதைப் பாத்துட்டு நீங்க சுவத்துல எழுதிப் போடுறியளா?"

"மெதுவாப் பேசு."

"எட்டுப் பாகத்துக்குக் கீழ கிடக்கு சங்கு. ஒரே மூச்சுல போனாத்தான் கை தரையில படும். உங்க கணக்குப்படி அந்த மூச்சை மூணாப் பிரிச்சு, மூணு தடவை முங்கச் சொல்லுங்க பாப்போம். மொத்த மூச்சு ஒண்ணுதானே? ஒத்தைச் சங்கு வருதான்னு பாருங்க. தூக்கமும் அடிவரைக்கும் போயிட்டு வரணும். பாதி வழியில மணியடிச்சு மேல இழுத்தா வெறுங்கையோடதான் வருவான்."

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

"இவரு இஷா தொழுதுட்டுப் படுத்தா சுபுஹுக்குத்தான் எந்திரிப்பாரு" என்றாள் சித்தி ஜுனைதா, கேட்கட்டும் என்று உரக்கவே. "மணிச் சத்தம் வருதுன்னு கிட்டங்கிப் பக்கத்து ஜன்னல்ல பலகை அடிச்சு வச்சிருக்காரு."

"நீ உள்ளே போ!" சம்மாட்டி கத்தினார். பிறகு திரையைப் பார்த்து, "மணி நிக்காது. பிடிக்காதவன் வேற வள்ளம் பாத்துக்கிடட்டும்" என்றார்.

சுலைகா நேரே வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த தெரு லத்தீபாவின் கணவனும் அதே வள்ளத்துக் குளியாளிதான். அவளிடம் போனாள். கதவைத் திறந்த லத்தீபா, "என் தம்பி நேத்து ஒண்ணுக்குப் போன இடத்துலேயே குந்துனபடி தூங்கிட்டான்டி" என்று சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டாள். இருவரும் சேர்ந்து மீதி ஆறு வீட்டுக்கும் போனார்கள்.

மறுநாள் சுபுஹு முடிந்து மதார் வழக்கம்போல வந்து கை நீட்டினான். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"கயிறு எங்க லாத்தா?"

"அரிசிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கேன். சாவி எங்கன இருக்குன்னு உன் மச்சானுக்கும் தெரியாது."

ஹமீது சுல்தான் பாய்ந்து வந்தான். "உனக்கென்ன பைத்தியமா? கரைக்காத்து நின்னுருச்சுன்னா வள்ளம் போகாது. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். புருசனைப் பறிகொடுத்துட்டு நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்க நான் தயாரா இல்ல. அதைவிட ஊரு சிரிக்கிறது மேல்."

அவன் கடற்கரைக்கு நடந்தான், சம்மாட்டியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல். அங்கே போய்ப் பார்த்தால், அவனைப் போலவே ஏழு பேர் வெறுங்கையோடு மணலைக் காலால் கீறிக்கொண்டு நின்றார்கள். எட்டு வீட்டிலும் கயிறு இல்லை. காற்று திரும்பியது. வள்ளம் நங்கூரத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அக்காளோடு வாதாடிக்கொண்டிருந்த மதார், ஒரு வாக்கியத்தின் பாதியில் கதவு நிலையில் சாய்ந்தான். பிறகு எழவில்லை. வெயில் ஏறியது. குழந்தை தவழ்ந்து வந்து அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது. வராத ஆள்களைக் கூப்பிட்டுக் கிட்டங்கி மணி நேரமில்லா நேரத்தில் அடித்தது. மதார் வாயைத் திறந்துகொண்டு கிடந்தான்.

பத்து மணிக்குச் சம்மாட்டியே வந்துவிட்டார். பின்னால் ஹமீது சுல்தான் தலைகுனிந்து நின்றான்.

"கயித்தை எடும்மா வெளியே! இல்லேன்னா தூத்துக்குடியிலிருந்து நாளைக்கே புதுக் கயிறு இறக்குவேன்!"

கதவுக்குப் பின்னாலிருந்து சுலைகாவின் குரல் வந்தது.

"கயிறு வரும். அதோட மச்சினனும் வருவானா?"

"என்னடா இது அநியாயம், ஒரு பொம்பளை..."

"சத்தம் போடாதிய சம்மாட்டி. எம் புருசன் உசிரு அங்கன தூங்குது."

சம்மாட்டி கீழே பார்த்தார். அவர் போட்ட சத்தத்துக்குத் தெருக்கோடி வீடுகளில்கூட ஜன்னல்கள் திறந்திருந்தன. அவர் காலடியில் கிடந்தவன் இமையைக்கூட அசைக்கவில்லை. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்து கிடந்தது. விரல்களில் ஓர் அசைவும் இல்லை. அந்தக் கையையே அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நினைத்தாரோ, செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனார்.

இரண்டு நாள் வள்ளம் போகவில்லை. இரண்டு நாளும் அந்த எட்டு வீடுகளில் ஆண்கள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார்கள். இரண்டாம் நாள் மாலை கூத்தையா ஈரச் சாக்கால் சுவரிலிருந்த எழுத்தைத் துடைத்தான். கல்கத்தாச் சரக்குக்கு இப்போது அவசரமில்லை என்பதால் தாமே அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டதாகச் சம்மாட்டி பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொன்னாராம். அதைக் கேள்விப்பட்டபோது சுலைகாவுக்கு முன்னைவிட அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது. மூக்கில் வடிந்த ரத்தத்துக்கு அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணியையும் கழற்றவில்லை. அது அங்கேயே, காற்றில் ஆடிக்கொண்டு, அடுத்த புத்திசாலித்தனத்துக்காகக் காத்திருந்தது.

"தொங்கட்டும். அரிசிப் பெட்டியும் இங்கனதான் இருக்கு" என்றாள் லத்தீபாவிடம்.

மறுநாள் விடிகாலையில் மதார் வந்தான். முகம் கழுவியிருந்தான். கண்ணில் சிவப்பு இல்லை. சுலைகா கயிற்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். வைத்தவள், ஒரு நுனியை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, "உம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"பரவாயில்ல லாத்தா, நேத்து ராத்திரி..."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, கயிற்றை மெல்ல ஒரு சுண்டு சுண்டினாள்.

மதாரின் இரண்டு கையும் பாய்ந்து இழுத்தன. சுலைகா தடுமாறி இரண்டடி முன்னால் வந்து விழப் பார்த்தாள்.

"என்ன லாத்தா? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. போ" என்று நுனியை விட்டாள்.