ஒன்பதாம் பட்டியில் ஒரு தொப்பி

பல்தசாரின் பண்ணையில் பொலிகாளை வாங்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் விலை கேட்பதில்லை. பிடித்த காளையின் பட்டிக் கதவில் தொப்பியை மாட்டிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அந்தத் தொப்பி தொங்குகிறவரை வேறொருவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். வீட்டுக்கு ஒரு தொப்பிதான், அதுவும் மூத்த ஆணுடையது. இதை யார் எப்போது முடிவு செய்தார்கள் என்று அலென்தேஜு வட்டாரம் முழுக்க அலைந்து கேட்டாலும் பதில் கிடைக்காது.

அதெலினு வந்ததும் வராததுமாகத் தன் தொப்பியை நாலாம் பட்டியில் மாட்டினான். உள்ளே நின்றது சந்தையில் பரிசு வாங்கிய காளை. அகன்ற தோள், சுவர் மாதிரி பின்புறம். சுற்றி நின்றவர்கள் "அடேயப்பா!" என்றார்கள். அதெலினுவுக்கு அது போதும்.

அவன் தங்கை ஃபெலிஸ்மினா அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு அவன் ஓட்டி வந்த காளையும் இப்படித்தான் மலை மாதிரி இருந்தது. போன வசந்தத்தில் அதன் கன்றுகள் வெளியே வர வழியில்லாமல் தோளில் சிக்கின. கயிறு கட்டி இழுத்தது அவள்தான். தலைச்சன் ஈற்றுக்கு நின்ற மூன்று கிடாரிகள் கன்றோடு அவள் கண்முன்னே செத்தன. அண்ணன் அந்நேரம் மதுக்கடையில் காளையின் எடையைச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தான். இந்த முறை பதினெட்டுக் கிடாரிகள் காளைக்குக் காத்திருக்கின்றன. பதினெட்டும் அவள் கைபட வளர்ந்தவை.

அவள் பட்டி பட்டியாக நடந்து, கதவில் கட்டியிருந்த அட்டைகளில் காளை பிறந்த அன்றைய எடையைப் படித்தாள். பிறக்கும்போதே கனத்த காளைக்குக் கன்றும் கனத்துத்தான் பிறக்கும். நாலாம் காளை நாற்பத்தொன்பது கிலோ. ஒன்பதாம் காளை முப்பத்திரண்டு. ஒன்பது பார்க்கச் சுமார்தான். ஒடுங்கிய தோள், நீண்ட உடம்பு. ஆனால் கல்லுத் தரையில் கால் நோகாமல் நடந்தது.

தலைத்துணிக்கு மேல் போட்டிருந்த கறுப்புத் தொப்பியைக் கழற்றி அந்தக் கதவில் மாட்டினாள்.

"ஏய் அதெலினு, உங்க வீட்ல ரெண்டு தலையாடா?" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

அதெலினுவின் முகம் சிவந்துவிட்டது. "எடு அத. மானத்த வாங்காத."

"எடுக்க முடியாதுண்ணே."

"இந்தப் பூனைக்குட்டியவா ஓட்டிட்டுப் போகணும்?"

"நாலாம் நம்பரையே ஓட்டிட்டு வா. கன்னு சிக்குனா நீதான் உள்ள கைய விடணும். விடுறேன்னு இவங்க முன்னாடி இப்பவே சொல்லு."

அவன் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். அவன் கையில் ஒருநாளும் ஈற்று ரத்தம் பட்டதில்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

சத்தம் கேட்டுப் பல்தசார் வந்தார். "ஒரு வீட்டுக்கு ரெண்டு தொப்பி ஆகாதும்மா. பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? பெரியவன் தொப்பிதான் செல்லும்."

"அப்ப பெரியவரே பதினெட்டுக்கும் ஈத்துப் பாக்கட்டும் ஐயா, நான் தொப்பிய எடுத்துக்கறேன். இல்லன்னா வேற பண்ணையில காளை பாத்துக்கறேன். நீங்க உங்க பழக்கத்தக் கட்டிக்கிட்டு அழுங்க."

பல்தசார் தாடையைச் சொறிந்துகொண்டு அதெலினுவைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. இப்போது ஒருவனும் சிரிக்கவில்லை. அதெலினு யார் முகத்தையும் பார்க்காமல் நாலாம் பட்டிக்குப் போய்த் தன் தொப்பியை எடுத்துக்கொண்டான்.

காளையை லாரியில் ஏற்றிக் கதவை அடைக்கும்போதும் அவனுக்கு ஆறவில்லை.

"இதுக்குப் பொறக்கறதெல்லாம் எலிக்குஞ்சு மாதிரிதான் இருக்கும். ஊரே கைகொட்டிச் சிரிக்கப்போகுது, பாரு."

"சிரிக்கட்டும்," என்றாள் ஃபெலிஸ்மினா. "உசுரோட துள்ளுற கன்னப் பாத்துத்தான சிரிப்பாங்க."