தும்மல் இருந்த பாட்டு

என் கொழுந்தன் நல்லவன்தான். நல்லவர்கள் செய்துவைக்கிற வேலைக்கு யாரிடம் போய் முறையிடுவது?

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, அவருடைய பாட்டுகள் இருந்த ஹார்டு டிஸ்க் கட்கட்டென்று சத்தம் போட ஆரம்பித்தது. கொழுந்தன் புது டிஸ்க் வாங்கி வைஃபை பெட்டியோடு சேர்த்துவிட்டான். "அண்ணன் கணக்குலயே போட்டிருக்கேன் அண்ணி. அந்தக் கணக்கு இருக்கிற எந்த போன் வீட்டு வைஃபையைப் பிடிச்சாலும், இதுல இருக்கிற பாட்டு தானா அதுல ஏறிக்கும். இனிமே ஒண்ணும் தொலையாது" என்றான். வாய் நிறைய வாழ்த்தினேன்.

அன்று மாலை ஒரு பாட்டைப் போட்டேன். முதல் சரணம் முடியும்போது அவர் தும்முவார். காத்திருந்தேன். தும்மல் வரவில்லை.

பழைய கேசட்டுகளை, டேப் ரிக்கார்டர் முன்னால் மைக்கை வைத்துத்தான் அவர் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பாட்டோடு சேர்ந்து எங்கள் வீடும் பதிவாகிவிட்டது. என் கத்தல், குக்கர் விசில், அவருடைய இருமல், எல்லாம் உள்ளே இருந்தன.

கொழுந்தனிடம் கேட்டேன். "அதுவா? ஒரே இரைச்சல் அண்ணி. சுத்தமான காப்பியா தேடிப் பிடிச்சு எல்லாத்தையும் மாத்திட்டேன். பழைய டிஸ்க் செத்தே போச்சு, தூக்கிப் போட்டாச்சு."

முகமெல்லாம் பெருமை அவனுக்கு.

அதற்குப் பிறகு வீட்டில் பாட்டு ஓடினாலே எழுந்துபோய் நிறுத்திவிடுவேன். இருமல் இருந்த இடத்தில் வெறும் வயலின். செத்தவர் பேயாக வந்தால்கூடச் சமாளித்திருப்பேன். வரவேண்டிய இடத்தில் வராமல் இருந்தாரே, அதுதான் பயமாக இருந்தது.

நேற்று அலமாரியில், அவர் சட்டைகளுக்கு அடியில் பழைய போன் கிடைத்தது. சார்ஜ் ஏற்றி அதே பாட்டைத் தட்டினேன். அச்! தும்மினார். ஐயோ, என் ராசாவே என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த பாட்டில் இருமவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. திரையைப் பார்த்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் பச்சை டிக் விழுந்துகொண்டே போகிறது. பாழாய்ப்போன போன் வைஃபையைப் பிடித்து, புதுப் பாட்டுகளை ஏற்றி, அவரை அழித்துக்கொண்டிருந்தது.

கூடத்தில் இருந்த கொழுந்தனிடம் "உன் வைஃபை அவரை அழிக்குதுடா" என்று கத்திவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினேன். அங்கேதான் டிக் விழுவது நின்றது. மிஞ்சியது கடைசிப் பாட்டு ஒன்றுதான்.

கொழுந்தன் மூச்சிரைக்க வந்தான். "வைஃபை வயரைப் பிடுங்கிட்டேன் அண்ணி. உள்ள வாங்க, எல்லாரும் பார்க்கிறாங்க."

இவன் பேச்சை இன்னொரு தடவை நம்பவா? போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தப் பாட்டைப் போட்டேன். பல்லவி முடிந்ததும் அவர் குரல், மைக்குக்கு வெகு பக்கத்தில்:

"வெளியில தனியா நின்னு என்ன பண்ற? உள்ள வாம்மா."

கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள வந்தா நீங்க இருக்கமாட்டீங்க" என்றேன். "வரமாட்டேன், போங்க."