முப்பத்தொன்றாம் கலவை

மணி பத்தே கால். பதினொன்றுக்கு ஸ்கூட்டர் கம்பெனிக்காரர்கள் வந்துவிடுவார்கள். திரையில் ஓடிய வரைகோட்டின் மேல் கயல்விழியின் விரல் நின்றது.

சூலூரில் இருந்த அந்தச் சின்ன ஆய்வகத்தில், லித்தியம் உலோக பேட்டரிக்குள் ஊற்றும் எலக்ட்ரோலைட் திரவம் அவள் பொறுப்பு. ஒவ்வொரு சார்ஜுக்கும் லித்தியம் பாசி போலப் படரும், துண்டு துண்டாக உதிர்ந்து செத்துப்போகும், பேட்டரி செல்லின் திறன் சரியும். முப்பது கலவைகள் இப்படித்தான் மண்ணைக் கவ்வின. முப்பத்தொன்றாம் கலவை மட்டும் சரிந்து, மறுபடி எழுந்தது. நான்கு முறை! பக்கத்து வரிசையில் பழைய கலவை ஊற்றிய செல்கள் ஒருமுறைகூட எழவில்லை.

இன்று ஒப்பந்தம் கையெழுத்தானால் அவளுக்கு மூன்று வருட வேலை. இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆனால் கோடு எழுந்த அந்த நான்கு தேதிகள்? மாதத்துக்கு ஒன்று. செல்போனில் மின்வாரியத்தின் பழைய மெசேஜ்களைத் தேடினாள். பராமரிப்புக்காக மின்தடை, காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. நான்கு தேதிகளும் பொருந்தின.

"பிரான்சிஸண்ணா, கரன்ட் இல்லாத நாள்ல என் செல்லையெல்லாம் என்னங்க பண்ணுவீங்க?"

டெக்னீஷியன் பிரான்சிஸ் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "முந்தின நாளே சார்ஜை வடிச்சுப்போட்டு ஆப் பண்ணிருவனுங்க. பாதியில நின்னா கெட்டுப்போகுமல்லங்க."

"பழைய கலவையை?"

"அது யூபிஎஸ் வரிசைங்க அம்மணி. அதுபாட்டுக்கு ஓடும்."

கயல்விழி மறுபடி வரைகோட்டைப் பார்த்தாள். சார்ஜ் வடிந்து சும்மா கிடக்கும் செல்லில், செத்த லித்தியத்தை மூடிய படலம் கரையும். கொஞ்சம் லித்தியம் வேலைக்குத் திரும்பும். எழுப்பியது கலவையா, ஓய்வா? பழைய கலவைக்கு அந்த ஓய்வை யாருமே கொடுக்கவில்லை.

ஆய்வகத் தலைவர் மோகன்குமார் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க அம்மணி, வர்றவங்க கரன்ட் மெசேஜையா கேக்கப் போறாங்க? கையெழுத்தாகட்டும். அதுவரைக்கும் கம்முனு இருங்க."

வாசலில் கார் வந்து நின்றது.

கூட்டத்தில் கயல்விழி முதலில் காட்டியது அந்த நான்கு தேதிகளைத்தான். ஸ்கூட்டர் கம்பெனியின் வேதியியல் நிபுணர் ஹாரிகா பேனாவை மூடினாள்.

"அப்ப உங்க கலவை நல்லதா, இல்லையா?"

"தெரியாதுங்க. ரெண்டு வரிசையையும் ஒரே மாதிரி ஓட்டிப் பாக்கோணும்."

"பாத்துட்டுக் கூப்பிடுங்க."

ஒப்பந்தக் காகிதம் பைக்குள் திரும்பிப் போனது. மோகன்குமார் அவள் பக்கமே திரும்பாமல் வழியனுப்பப் போனார்.

மாதக் கடைசிக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

"பிரான்சிஸண்ணா, பழைய வரிசையையும் வடிச்சு ஆப் பண்ணுங்க."

பிரான்சிஸ் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "இன்னிக்குக் கரன்ட் இருக்குதுங்களே அம்மணி?"