விசேஷம் கேட்டால் இருநூறு கிராம்

யாராவது ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்று கேட்டால் நிர்மலாதேவியின் எடை இருநூறு கிராம் கூடியது. கேட்டவர் நெருங்கிய சொந்தமானாலும் சரி, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கீரைக்கடை முன்னால் எதிர்ப்பட்டவரானாலும் சரி, அளவு மாறியதில்லை. கல்யாணமான முதல் வருடம் அவள் இதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் வருடத் தீபாவளியன்று வந்தவர்களுக்கெல்லாம் முறுக்குத் தட்டை நீட்டிவிட்டு, தான் வெறும் தண்ணீரோடு நின்றவளுக்கு மூன்று கிலோ ஏறியிருந்தது. அப்போதுதான் சந்தேகம் வந்தது. மறுவாரம் கோயிலுக்குக் கிளம்பும் முன்பும் திரும்பிய பின்பும் எடை பார்த்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் நான்கு பெண்கள் கேட்டிருந்தார்கள். எண்ணூறு கிராம் கூடியிருந்தது. அர்ச்சனைப் பழத்தைக்கூட அவள் தொட்டிருக்கவில்லை.

இதைச் சொன்னபோது புக்கிட் ரம்பாயில் இருந்த புகுந்த வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. மாமியார் பெரியநாயகி முட்டைகளை எண்ணி வைத்தார், கருவாட்டு டப்பாவின் மூடி இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்தார். அத்தை முறையான கமலவேணிக்கு வேறு சந்தேகம்: மருமகள் கைப்பையில் கருத்தடை மாத்திரை இருக்கும், படித்த பெண்கள் எதையும் செய்வார்கள். எதிர்வீட்டில் செய்வினை என்றார்கள். இத்தனை பேர் இத்தனை விதமாகச் சந்தேகப்பட்டும் ஒருவருடைய சந்தேகம்கூடக் கணவன் ஹரிதாஸ் பக்கம் திரும்பவில்லை. அவன் ஆண்பிள்ளை, ஒரே மகன், தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் நல்ல வேலை. அவனிடம் போய் யாரும் விசேஷம் கேட்பதில்லை, அது வழக்கமே இல்லை.

டாக்டர் தேவமலர் மட்டும் அவனையும் சேர்த்துப் பேசினார். நிர்மலாவின் கருமுட்டைப்பையில் சிறுசிறு நீர்க்கட்டிகள் இருந்தன, மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் ஐந்து மாதத்துக்கு ஒருமுறை வந்தது. எடை ஏறினால் ஹார்மோன் கெடும், ஹார்மோன் கெட்டால் எடை ஏறும் என்று பொறுமையாக விளக்கிவிட்டு, “ரெண்டு பேருமே டெஸ்ட் எடுக்கணும்” என்றார் டாக்டர். “எனக்கு எதுக்கு டாக்டர்? நான் நல்லாத்தானே இருக்கேன்” என்றான் ஹரிதாஸ். அப்போது அவன் எடை தொண்ணூற்றெட்டு கிலோ. அந்தப் பேச்சு அதோடு நின்றது. நிர்மலா சோற்றைக் குறைத்தாள், சர்க்கரையை விட்டாள், மாடிப்படி ஏறி இறங்கினாள். எடையோ ஒவ்வொரு கல்யாண சீசனிலும் ஏறியது. டாக்டருக்கு முதலில் எடைக்கருவி மேல் சந்தேகம், அதை மாற்றினார். பிறகு நிர்மலா மேலேயே சந்தேகம். நிர்மலாவுக்கோ தன்னைப் பார்த்துச் சிரித்தபடி வருகிற எல்லோர் மேலும் சந்தேகம். தூரத்தில் ஒரு சேலை தெரிந்தாலே கடைக்குள் நுழைந்துகொள்ளும் அளவுக்கு வந்துவிட்டாள்.

ஆறாவது வருடம் ஹரிதாஸ் ஃப்ரிட்ஜுக்கு எதிரே கேமரா பொருத்தினான். தான் நைட் ஷிஃப்ட் போனபின் மனைவி திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்பது அவன் முடிவு. ஒரு மாதப் பதிவைப் பார்த்தான். நிர்மலா தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், வைத்தாள். மற்ற நேரமெல்லாம் ஒரு தடித்த ஆள், வேலை முடிந்து வந்த சட்டையோடு, காலையில் குளிர்ந்த சிராப் சர்க்கரைப் பானத்தை ஜாடியோடு குடித்தான், நேற்றைய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை நின்றபடியே தின்றான், பின்கதவில் சாய்ந்து சிகரெட் பிடித்தான். அது தான்தான் என்று தெரிந்தும் ஹரிதாஸுக்கு உறைக்கவில்லை. அப்படியானால் இவள் ஆபீஸில்தான் தின்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

பெரியநாயகி கடைசியில் அந்தப் பேச்சை எடுத்தார். மருமகள் கொஞ்ச நாள் டுரியான் துங்காலில் அம்மா வீட்டில் இருக்கட்டும். அந்தக் கொஞ்ச நாளுக்கு முடிவு கிடையாது என்பது மூவருக்கும் தெரியும். ஹரிதாஸ் வேண்டாமென்று சொல்லவில்லை. டுரியான் துங்காலில் ஒரு கல்யாணம் இருந்தது, அதை முடித்துக்கொண்டு அவளை அப்படியே விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. நிர்மலா துணிப்பையை காரின் பின்னால் வைத்தாள். வழியெல்லாம் அழுதாள், அவன் ரேடியோவைக் கூட்டி வைத்தான்.

கல்யாண மண்டபத்தில் ஆண்கள் மேசையில் தம்புசாமி பெரியப்பா இருந்தார். எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், காது மந்தம், எதை யாரிடம் கேட்கக் கூடாது என்கிற பாகுபாடு அறவே இல்லாதவர். “டேய் ஹரி, விசேஷம் இல்லையா? உன் உடம்புல ஏதும் கோளாறாடா? டாக்டர்கிட்ட காட்டினியா இல்லையா?” என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். ஆறு வருடமாக அவனிடம் கேட்காமல் விட்டதெல்லாம் அந்த நிமிடமே மொத்தமாக வந்து இறங்கியது. பெல்ட் அறுந்தது. நாற்காலியின் நான்கு கால்களும் விரிந்து அவனைத் தரையில் உட்கார வைத்தன. நான்கு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. மேசைகளைப் பிடித்துப் பிடித்து நடந்து, பெண்கள் பக்கம் தட்டோடு ஒதுங்கி நின்ற நிர்மலாவிடம் போய்ச் சேர்ந்தான்.

“இத்தன வருஷமா இதத் தூக்கிக்கிட்டா நடந்த?”

“நான்தான் சொன்னேனே. நீங்க ஃப்ரிட்ஜுக்குத்தானே கேமரா வச்சீங்க.”

அன்று துணிப்பை புக்கிட் ரம்பாய்க்கே திரும்பி வந்தது. மறுவாரம் ஹரிதாஸ் டெஸ்ட் எடுத்தான். விந்தணுக்கள் குறைவு, இருப்பவையும் மந்தம், ரத்தத்தில் சர்க்கரையும் கூடுதல். சிகரெட், சிராப், தூக்கக் கேடு, எடை என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் குனிந்த தலை நிமிராமல் கேட்டான். பகல் ஷிஃப்டுக்கு மாறினான். மாலையில் இருவரும் புக்கிட் பெருவாங் குன்று வரை போய் நடந்துவிட்டு வந்தார்கள். விசேஷ வீடுகளில் இனி அவன்தான் முன்னால் போனான். எந்தப் பெண்மணி வாயைத் திறந்தாலும், “அத்தை, என்கிட்ட கேளுங்க லா” என்று குறுக்கே நின்றான். அவர்களும் வேறு வழியில்லாமல் அவனிடமே கேட்டார்கள். நிர்மலாவின் எடை இறங்கியது, மாதவிலக்கு கரண்ட் பில் மாதிரி மாதாமாதம் வந்தது. அவனுக்கு சர்க்கரை சீரானது, விந்தணுக்கள் கூடின, எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் சந்தேகப்படுவதை நிறுத்திக்கொண்டார். கேட்டவர்களைக் கழித்துவிட்டு எடையை எழுதும்படி நர்ஸிடம் சொன்னார்.

கரு நின்றபோது ஐந்து மாதம் வரை யாரிடமும் சொல்லவில்லை, யாரை நம்புவது என்ற பயம் போகவில்லை. ஆகவே கேள்விகளும் நிற்கவில்லை. இருவரும் சேர்ந்து கோயிலுக்கு வந்தால் விசேஷம் யாருக்கு என்று பெண்கள் குழம்பினார்கள், ஏனென்றால் ஹரிதாஸின் வயிறுதான் பெரியது.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. பெரியநாயகி மருமகளின் இரண்டு கைகளிலும் வளையல் அடுக்கினார். பிறகு முந்தானையில் சுற்றி வைத்திருந்த இன்னொரு டஜனை எடுத்தார். மகன் கைக்கு அளவு பார்த்து வாங்கிய பெரிய வளையல்கள்.

“கைய நீட்டுயா. இந்த எடையில பாதி நான் கேட்டு ஏறினதுதான்” என்றார்.

ஹரிதாஸ் கையை நீட்டினான். கமலவேணி அவன் கன்னத்திலும் சந்தனம் பூசினார். நேரமாகிவிட்டதென்று எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.