கிழிய வேண்டிய தையல்

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நின்றுகொண்டு எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்கப் பாதி நாள் ஆகும். அப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்து கடலோடிகளுக்கு வார் தைக்கிறோம் என்றால் யார்தான் நம்புவார்கள்? விஜயராணியின் வீட்டுக்காரர் மூக்கையாவே நம்பவில்லை. "பனியன் தச்சீக, சரி. ஜட்டி தச்சீக, அதுவும் சரி. இப்ப கப்பலையே கட்டி இழுக்கக் கிளம்பிட்டீகளாக்கும்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டுமே! உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, தையல் கற்று, இன்றைக்கு ஒரு லைனையே கட்டி மேய்க்கிற சூப்பர்வைசர் அவள். விஜயராணி லைனில் தைத்த பீஸ் பிரிந்துபோய்த் திரும்பி வந்தது என்று அந்த வட்டாரத்தில் எவனும் வாய் திறந்ததில்லை.

ஆர்டரைப் பிடித்தவர் முதலாளி முருகேஷ். டி-ஷர்ட் ஆர்டர் மந்தமான சமயத்தில், சென்னிமலை முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இந்தப் புதுச் சரக்கில் இறங்கினார். வெளிநாட்டில் பாய்மரப் படகில் நாள் கணக்காகக் கடலைத் தாண்டும் பந்தயம் நடக்கிறதாம். அதில் கலந்துகொள்கிற படகில் என்னென்ன பாதுகாப்புச் சாமான் இருக்க வேண்டும் என்று தடித் தடியாக விதிகளாம். மிதவைச் சட்டையில் விசில் இருக்க வேண்டும், விளக்கு இருக்க வேண்டும், தண்ணீரில் சட்டை மட்டும் மேலே கழன்று வராமல் கால் இடுக்கில் பட்டை இருக்க வேண்டும். அதையெல்லாம் வேறு யாரோ தைக்கிறார்கள். முருகேஷுக்கு வந்தது வார் மட்டும். ஒரு முனையின் கொக்கி ஆளின் சட்டையில், மறுமுனைக் கொக்கி படகில். அலை ஆளைத் தூக்கி வீசினாலும் வார் படகோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

சாம்பிள் வாரைக் கையில் வாங்கியதும் விஜயராணியின் முகம் கோணிப்போயிற்று. கொக்கி மாட்டும் இடத்துத் தையலெல்லாம் இரும்பு மாதிரி இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குச் சற்றுத் தள்ளி, நாடாவை ஒரு மடிப்பு மடித்து, உள்ளே சின்னச் சிவப்புத் துணி ஒன்றைச் செருகி, மேலே இளைத்த நூலில் ஒரே ஒரு வரி ஓட்டியிருந்தார்கள். இதெல்லாம் ஒரு தையலா! ஆள் உயிரைப் பிடிக்கிற வாரில் இப்படி நோஞ்சான் வரியா! சாம்பிள் தைத்தவன் அவசரக்காரன் என்று அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டாள். அந்த மடிப்பின் இரண்டு ஓரத்திலும் பார்டாக் அடிக்கச் சொன்னாள். பேன்ட் பாக்கெட் கிழியாமலிருக்க ஓரத்தில் நெருக்கி நெருக்கி அடிப்பார்களே, அந்த முரட்டுத் தையல்.

"அக்கா, சாம்பிள்ல பார்டாக் இல்லையே," என்றாள் நாகஜோதி. லைனிலேயே கை வேகமான டெய்லர்.

"சாம்பிள்ல இல்லாட்டி என்னடி? நம்ம கையில வந்த பொருள் பாதியில பிரிஞ்சா யாருக்கு அசிங்கம்? அடி, நான் சொல்றேன்ல."

நாகஜோதி அடித்தாள். கறுப்பு நாடாவில் கறுப்பு நூல். தடவிப் பார்த்தால்தான் தெரியும், கண்ணுக்குத் தட்டுப்படாது. மொத்த ஆர்டரும் அப்படியே தைத்து முடிந்தது.

சரக்கைச் சோதிக்க, அதை வாங்கும் பையர் தரப்பிலிருந்து ராபின் வந்தான். தூத்துக்குடிப் பிள்ளை, மரியாதையான பையன், வேலைக்குப் புதிது. பெட்டிகளிலிருந்து தான் விரும்பிய வார்களை உருவி எடுத்தான். நீளம் அளந்தான், கொக்கியைச் சுண்டிப் பார்த்தான், ஓர் ஆள் கனத்தைத் தொங்கவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். எந்தத் தையலும் அசையவில்லை. சரக்கு பாஸ். முருகேஷ் கைகூப்பி முருகனைக் கூப்பிட்டார், பேக்கிங் பெண்கள் டேப் ஒட்டத் தொடங்கினார்கள், பொழுதோடு வரச்சொல்லி லாரிக்காரருக்குப் போன் போயிற்று.

டீ வந்தது. "கடல்ல இத எப்படித்தான் மாட்டுவாக, காட்டு தம்பி," என்றாள் விஜயராணி. ராபின் செல்போனில் ஒரு வீடியோ போட்டான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்க, மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி படகின் மூக்கில் மண்டியிட்டுப் பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அலை வந்து அவளை மூடியது. நீர் வடிந்ததும் பார்த்தால், ஆள் படகோரக் கம்பிக்கு வெளியே வாரில் தொங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் இழுத்துப் போட்டார்கள். எழுந்தவள் சிரித்தாள். பார்த்த விஜயராணிக்குப் பயத்தோடு ஒரு கர்வமும் வந்தது. நம்ம சரக்கு இந்த வேலைதானே பார்க்கப் போகிறது!

"இப்படி ஒரு தடவ வெடுக்குன்னு இழுத்துட்டா அந்த வாரு செத்துப்போச்சுன்னு அர்த்தம்க்கா," என்றான் ராபின். "பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள நார் அறுந்திருக்கும். அடுத்த அலைக்குத் தாங்காது. அதுக்குத்தான் அந்த மடிப்பு. அப்படிப் பெரிய இழுப்பு விழுந்தா அந்த மெல்லிசு தையல் கிழிஞ்சு சிவப்புத் துணி வெளிய வரணும். சிவப்பப் பாத்தா தூக்கி எறிஞ்சிட்டு வேற மாட்டிக்கணும். இது விதி."

விஜயராணி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் அடிக்கச் சொன்ன பார்டாக் இந்த ஜென்மத்தில் கிழியாது. சிவப்புத் துணி வெளியே வரவே வராது. மஞ்சள் சட்டைக்காரி சிரித்துக்கொண்டே அதே செத்த வாரைத் திரும்ப மாட்டிக்கொள்வாள்.

நிமிர்ந்து பார்த்தாள். மிஷினில் உட்கார்ந்திருந்த நாகஜோதியின் காதிலும் எல்லாம் விழுந்திருந்தது. வாயைத் திறக்காதே அக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நியாயம்தான். சரக்கு பாஸாகிவிட்டது. விஷயம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் மானம் போகும், ஆர்டர் போகும், வேலையும் போகலாம். சொல்லாவிட்டால்? சே, அதற்கு மேல் யோசிக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"டேப் ஒட்டுறத நிப்பாட்டுங்கடி!" என்று போட்ட சத்தத்தில் மிஷின்களே நின்றன. "தம்பி, நான் ஒரு கூறுகெட்ட வேல பாத்துப்புட்டேன்."

ஒரு வாரை எடுத்து ராபின் விரலைப் பிடித்து மடிப்பின்மேல் தடவ வைத்தாள். ராபினுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாஸ் போட்டவன் அவனல்லவா! முருகேஷ் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"ஏனுங்க விஜயராணி, இத்தன வருசம் இருந்துட்டு இப்படிப் பண்ணிப்போட்டீங்களே! லாரி வந்துட்டிருக்குதுங்க!"

"திட்டுங்க முதலாளி, வாங்கிக்கிறேன். ஆனா இந்தப் பெட்டி வாசலத் தாண்டிப் போகாது. நான் படுத்து மறிச்சாலும் மறிப்பேன்."

"ஏனுங் தம்பி, அந்தப் பார்டாக்க மட்டும் பிரிச்சுப்போட்டா ஆகாதுங்களா?" முருகேஷ் ராபினிடம் கெஞ்சினார்.

"ஆகாது சார். ஊசி நாடாவையே துளச்சிருக்கு. பிரிச்சா அந்த எடம் பலம் இல்லாம போயிரும்."

முருகேஷ் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்க விஜயராணிக்குப் பாவமாக இருந்தது. ஆனால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஜாதி இல்லை அவள். வாரைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். மடிப்பு இருந்தது ஒரே முனையில், கொக்கிக்குப் பக்கத்தில்.

"தம்பி, நீளத்துக்கு விதி என்ன? இம்புட்டு இருந்தே ஆகணுமா, இல்ல இதுக்கு மேல இருக்கக் கூடாதா?"

"ரெண்டு மீட்டருக்கு மேல போகக் கூடாதுக்கா."

"கொறஞ்சா?"

"கொறஞ்சா தப்பில்ல."

"அப்பறம் என்னய்யா! பார்டாக் அடிச்ச முனையை வெட்டி எறி. கொக்கியக் கழட்டி மிச்ச நாடாவுல புதுசா மாட்டு. ஊசி படாத எடத்துல புது மடிப்பு, ஒத்தை வரி. ஒரு சாண் கொறையும், அம்புட்டுத்தான்."

ராபின் வெளியே போய், வெளிநாட்டிலிருந்த பையர் அம்மாவிடம் போனில் நெடுநேரம் இங்கிலீஷில் பேசிவிட்டு வந்தான். உண்மையை மறைக்காமல் சொல்லிவிட்டானாம். அந்த அம்மா முதலில் கத்தினாராம், பிறகு, புது மாதிரியில் ஒன்று தைத்து, வெடுக்கென்று இழுத்துக் காட்டுங்கள், கேமராவில் நான் பார்க்கிறேன் என்றாராம். கிழிந்தால் ஆர்டர் இருக்கும். கிழியாவிட்டால், அல்லது வாரே அறுந்தால், அத்தோடு கதை முடிந்தது.

தைப்பதற்கு நாகஜோதி வந்து உட்கார்ந்தாள். விஜயராணி அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். முனையை வெட்டி, கொக்கி மாட்டி, முரட்டு நூலில் அதை இறுக்கினாள். பிறகு நாடாவை மடித்து, சிவப்புத் துணியைச் செருகி, நூலை மாற்றி, இளைத்த நூலில் ஒரே வரி. வரி முடிந்ததும், நூல் பிரியாமலிருக்கப் பின்னோக்கி ஒரு முறை ஓட்டுவார்களே, அந்த ரிவர்ஸ் தட்டக் கை தானாகப் போயிற்று. இத்தனை வருடப் பழக்கம், சும்மா விடுமா? இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

மேல்மாடிக்குத் துணிக்கட்டு ஏற்றும் இரும்புச் சட்டத்தில் வாரை மாட்டி, கீழ்க் கொக்கியில் மணல் மூட்டையைக் கட்டி மாடி விளிம்பில் வைத்தார்கள். ராபின் போனைப் பிடித்துக்கொண்டான். முருகேஷ் கண்ணை மூடிக்கொண்டார்.

"தள்ளுடி!" என்றாள் விஜயராணி.

மூட்டை விழுந்தது. சட்டம் கிறீச்சிட்டது. படபடவென்று நூல் தெறிக்கிற சத்தம். எந்தச் சத்தத்தைக் கேட்டால் டெய்லருக்கு உயிரே போகுமோ, அதே சத்தம். மூட்டை தரையைத் தொடாமல் அந்தரத்தில் ஆடியது. வார் அறுபடவில்லை. மடிப்பு வாய் பிளந்து, உள்ளிருந்து சிவப்புத் துணி எட்டிப் பார்த்தது.

"கிழிஞ்சிருச்சு! அக்கா, கிழிஞ்சிருச்சு!" நாகஜோதி குதித்தாள். தையல் கிழிந்ததற்கு விசிலடித்துக் கை தட்டிய கம்பெனி திருப்பூரிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். போனில் அந்த அம்மாவின் குரலும் சிரித்தது. விஜயராணிக்குக் கண் நிறைந்துவிட்டது, அதைத் துடைக்கக்கூட அவள் மெனக்கெடவில்லை.

முருகேஷ் வாரைக் கழற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். "இத சாம்பிள் ரூம்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கோணுமுங்க. வர்ற பையருக்கெல்லாம் காட்டோணும்."

"குடுங்க முதலாளி," என்று வாங்கினாள் விஜயராணி. மேசையில் கிடந்த பெரிய கத்தரியை எடுத்து, தான் தைத்ததிலேயே நல்ல வாரை நடுவில் வைத்து நறுக்கென்று வெட்டினாள்.

"ஐயோ, என்னுங்க இது!"

"செவப்புத் தெரிஞ்சிருச்சுல்ல? எவளாச்சும் தெரியாம எடுத்து மாட்டிட்டான்னா?" இரண்டு துண்டையும் வேஸ்ட் மூட்டைக்குள் திணித்துவிட்டு லைனைப் பார்த்துத் திரும்பினாள். "என்னடி வேடிக்க? பெட்டியப் பிரிங்க."