ஒரே எண்

தீவின் சுகாதார நிலையத்தில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்காகத் திரைக்குப் பின்னால் நின்று தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்த பெண்கள் இருபத்தாறு பேர். ஐந்து வாரம் கழித்து அவர்களில் மூன்று பேருக்கு மட்டும் நர்ஸ் எலின் ஆளனுப்பினாள்.

"பாப்பிலோமா வைரஸ், பதினாறாம் வகை," என்று லெய்மாராவிடம் காகிதத்தை நீட்டினாள். "ஆம்பள பொம்பள சேர்க்கையில தொத்துறது. இது புற்றுநோய் இல்ல. கவனிக்காம விட்டா ஆகலாம். திங்கக்கிழமை படகுல போர்ட் விலா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரு. கர்ப்பப்பை வாயில கெட்ட இடம் இருந்தா டாக்டர் சூடு வச்சு எடுத்துருவாங்க."

வெளியே லெய்சாவு தன் காகிதத்தோடு நின்றிருந்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி; பதினான்கு வருடத் தோழி.

"உனக்கு எத்தனைடி?"

"பதினாறு."

"எனக்கும் பதினாறு!" லெய்சாவு சிரித்தே விட்டாள். "பிங்கோவுல ஒரு நாளாவது இப்படி விழுந்திருக்கா?"

லெய்மாராவும் சிரித்தாள். பயம் பாதியாகக் குறைந்தது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை சர்ச் பெண்கள் கூடி இலையில் பொதிந்து சுடும் லாப்லாப்புக்குக் கிழங்கு துருவிக்கொண்டிருந்தார்கள். லெய்மாரா உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. லெய்சாவு மட்டும் நிறுத்தவில்லை.

"நானும் யோசிச்சுப் பார்த்துட்டேன். எனக்கு என் புருஷன் ஒருத்தன்தான். ரெண்டு பேருக்கும் அதே நம்பர் எப்படி வரும்? நடுவுல ஒரு ஆம்பள இருந்தாத்தானே?"

"உன் புருஷன் வில்லியையா சொல்ற?" லெய்மாரா அவள் எதிரே போய் நின்றாள். "என்னையும் வில்லியையுமா?"

"அவன் உன் தண்ணித்தொட்டி கட்டித் தந்தானே, மூணு நாளு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மற்றவர்கள் கிழங்கைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

அன்று சாயங்காலமே வில்லி ஊர்த் தலைவரிடம் போனான். லெய்மாராவால் தன் பெயர் கெட்டது என்பது அவன் புகார். லெய்மாரா எலினிடம் ஓடினாள். எலின் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட பைத்தியங்களா! பதினாறாம் வகை உலகம் பூரா இருக்கு. இருபது வருஷம் உள்ள தூங்கிக் கிடந்துட்டு முழிக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி வந்ததாகூட இருக்கலாம். யாரு கொடுத்தாங்கன்னு எந்தக் காகிதமும் சொல்லாது. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் நானே தலைவர்கிட்ட பேசுறேன்."

அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் லெய்மாரா சனிக்கிழமையைத் தள்ளினாள்.

ஞாயிறன்று எலின் சொன்னதையெல்லாம் தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அது முடிஞ்சு போச்சும்மா. நேத்து சாயங்காலம் கல்தோய் மன்றத்துல வில்லிக்கு ஈடா ஒரு பாய் வச்சான். வில்லி வாங்கிக்கிட்டான். ரெண்டு பேரும் சமாதானமாகிக் காவாச் சாறு குடிச்சாங்க. இனிமே அதைப் பத்தி யாரும் வாய் திறக்கக் கூடாது."

கல்தோய் லெய்மாராவின் கணவன். பாய், மகள் கல்யாணத்துக்கென்று அவள் இரண்டு மாதம் உட்கார்ந்து முடைந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டாள். "பாய் வைக்கிறதுன்னா என்ன அர்த்தம்? நான் வில்லிகிட்ட போனேன்னு ஒத்துக்கறதுதானே?"

"சண்டை நிக்கணும்னு அர்த்தம். நீ போகலன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா வச்ச?"

"ஊருக்குள்ள வாழணும்ல, லெய்மாரா. ஒரு பாய்தானே. நீதான் நல்லா முடைவியே, இன்னொண்ணு பண்ணிக்கலாம்."

அவன் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. சந்தேகப்படுகிறவனிடம் சண்டை போடலாம். இவன் அவளை முழுதாக நம்பினான். நம்பிக்கொண்டே விற்றுவிட்டு வந்திருந்தான்.

திங்கட்கிழமை படகில் லெய்சாவு நகர்ந்து இடம் விட்டாள். "வாடி, உக்காரு. நான் எதையும் மனசுல வச்சுக்கல."

"நான் என்ன செஞ்சேன், நீ மனசுல வச்சுக்க?"

லெய்சாவு உதட்டில் விரலை வைத்தாள். "ஸ்ஸ்... பேசக் கூடாதுன்னு தலைவர் சொல்லியிருக்காரு." அவள் முகத்தில் நிஜமான கனிவு இருந்தது. குற்றவாளியை மன்னித்துவிட்டவளின் கனிவு.

லெய்மாரா முன்பலகையில், அலை தெறிக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

கல்தோய் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவள் மூட்டையை ஏற்றிவிட்டான். ஒரு நாள் வைத்தியத்துக்கு இவ்வளவு கனமா என்று அவன் கேட்கவில்லை.

"சாயங்காலம் கரைக்கு வந்து நிக்கிறேன்," என்றான்.

"நிக்க வேணாம். வைத்தியம் முடிஞ்சதும் அங்கிருந்தே எங்க அண்ணன் தீவுக்குக் கப்பல் ஏறுறேன்."

"எப்ப திரும்பி வருவ?"

"ஊரைக் கூட்டி, உன் பொண்டாட்டி போகலன்னு உன் வாயால சொல்லு. சொன்னதும் ஆளனுப்பு."

"பேசக் கூடாதுன்னு..." என்று தொடங்கினான். மோட்டார் கிளம்பிவிட்டது.